ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும் ஒரே ஆடு: எது அசல்?

கேள்வி இதுதான்: ஸ்பெயின் மன்னர் தன் மகள் லியோனோருக்குக் கொடுத்த பதக்கத்தில், இடுப்பில் கட்டித் தூக்கின மாதிரி ஒரு தங்க ஆடு தொங்குகிறது. வியன்னா அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிற பழைய சங்கிலியிலும் அதே ஆடு. ஐரோப்பிய ராஜாக்களின் ஓவியங்களில் பாதிப் பேர் கழுத்திலும் அதே ஆடு. ஏன் ஆடு, இரண்டு நாட்டில் எது அசல், இதற்கு ஏன் இத்தனை மவுசு?

இரண்டுமே அசல்தான். அல்லது, யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று. முந்நூறு வருடமாகத் தீராத வழக்கு அது, இனி தீர்க்க யாருக்கும் அவசரமும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த வழக்கைவிடச் சுவாரசியமான விஷயம் வேறொன்று இருக்கிறது: தங்க ஆட்டுத்தோல் சபை (Order of the Golden Fleece) என்ற இந்த அமைப்பின் உயிர் அந்தப் பங்காளிச் சண்டைக்கு நூறு வருடத்துக்கு முன்பே போய்விட்டது, அதை எடுத்தவர் வெளியாள் இல்லை, அதன் தலைவரே.

முதலில் இது விருது இல்லை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் துறவியரின் இயேசு சபை, பிரான்சிஸ்கன் சபை என்கிறோமே, ஐரோப்பிய மொழிகளில் அதற்கும் இதற்கும் ஒரே சொல்தான்: ஆர்டர். உறுப்பினர் எண்ணிக்கை, சட்டதிட்டம், கூட்டம், அபராதம், வெளியேற்றம் எல்லாம் உள்ள ஒரு சபை. அதனால் நான் இதைத் தங்க ஆட்டுத்தோல் சபை என்றே எழுதுகிறேன்.

தொடங்கியவர் பர்கண்டி பிரபு பிலிப், நல்லவர் பிலிப் என்று வரலாறு அழைக்கிற ஆள். எவ்வளவு நல்லவர் என்பது தனிக் கதை. இவருடைய அப்பாவை 1419இல் மோன்ட்ரோ பாலத்தில் சமாதானப் பேச்சு என்று வரவழைத்து, பிரெஞ்சு இளவரசரின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கோபத்தில் பிலிப் இங்கிலாந்து பக்கம் சாய்ந்தார். ஆங்கிலேயர்கள் சந்தோஷப்பட்டு, தங்கள் ராஜா தலைமையில் நைட்டுகள் (பட்டம் பெற்ற பிரபு வீரர்கள்) சேர்ந்திருந்த கார்ட்டர் சபையில் சேரச் சொன்னார்கள். அங்கேதான் பிரச்சினை. சேர்ந்தால் பிரமாணம் எடுக்க வேண்டும், பிரமாணம் எடுத்தால் ஆங்கிலேய ராஜாவுக்குக் கட்டுப்பட்ட ஆளாகிவிடுவார். கூட்டாளியாக இருப்பது வேறு, சட்டைப்பைக்குள் போய் உட்காருவது வேறு. பிலிப் நழுவினார். சில வருடம் கழித்துத் தனக்கென்று ஒரு சபையையே தொடங்கிவிட்டார்.

அது 1430 ஜனவரி 10, இன்றைய பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரம், போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவுடன் நடந்த கல்யாணக் கொண்டாட்டத்தின் நடுவில். (பெண் எப்படி இருக்கிறார் என்று முன்கூட்டியே வரைந்து அனுப்பப் போனது அரசவை ஓவியர் யான் வான் ஐக். மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்பதெல்லாம் அப்போதே உண்டு.) முதலில் 24 பேர், சில வருடத்தில் 30 ஆனது, 1516இல் 50. தலைவர் தனிக் கணக்கு.

கல்யாணக் கொண்டாட்டம் என்பது மேலே தெரிகிற காரணம்தான். பிலிப்பிடம் ஃபிளாண்டர்ஸ் இருந்தது, பர்கண்டி இருந்தது, ஆர்ட்வா இருந்தது, சபை தொடங்கின வருடமே ப்ரபாண்ட் கைக்கு வந்தது, அப்புறம் ஹாலந்து, ஹைனோ, லக்சம்பர்க். ஐரோப்பாவிலேயே பணம் புரண்ட பகுதி. ஆனால் ராஜா என்ற பட்டம் மட்டும் இல்லை! பாதி நிலத்துக்குப் பிரெஞ்சு ராஜா மேலரசர், மீதிக்கு ஜெர்மானியப் பேரரசர். ஒரு ஊரில் பிரெஞ்சு பேசுவார்கள், அடுத்த ஊரில் டச்சு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சட்டம், தனிச் சலுகை, தனி வீம்பு. இவற்றையெல்லாம் கோர்க்கிற நூல் இவர் ஒருவர்தான். சரி, அந்தந்தப் பகுதியின் பெரிய குடும்பத்து ஆட்களை ஒரே சங்கிலியில் கோர்த்துவிட்டால் என்ன? அந்த யோசனைதான் கழுத்துச் சங்கிலியாக வந்தது. இந்தச் சபையில் சேர்ந்தவர் வேறு சபையில் இருக்கக் கூடாது, வேறு சங்கிலி போடக் கூடாது, ராஜாக்களுக்கு மட்டும் விலக்கு. மரியாதை என்ற பெயரில் கட்டிப்போடும் வேலை, ரொம்ப அழகாகச் செய்யப்பட்ட வேலை.

இப்போது ஆட்டுக்கு வருவோம். கிரேக்கக் கதையில் ஜேசன் என்ற வீரன் தோழர்களோடு கப்பலேறிக் கருங்கடலின் மறுகோடிக்குப் போய், தங்க ரோமம் கொண்ட ஆட்டுத்தோலைக் கொண்டுவருவான். பிலிப் மனதில் இருந்தது அவன்தான்: வீரம், தோழமை, கிழக்கு நோக்கிய பயணம். ஆனால் சபையின் முதல் சான்சலரான (தலைமைச் செயலாளர் மாதிரி) ஜான் ஜெர்மேன் என்ற பாதிரியாருக்கு இது உறுத்தியது. ஜேசன் என்ன செய்தான்? தனக்கு உதவிய மேதேயாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவளைக் கைவிட்டான். விசுவாசத்துக்காகத் தொடங்குகிற சபைக்கு வாக்குத் தவறினவனா அடையாளம்? அவர் விவிலியத்தில் தேடி கிதியோனைக் கொண்டுவந்தார். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுவிட்டு, தோலில் மட்டும் பனி பெய்து தரை காய்ந்திருந்தால் நம்புகிறேன் என்று கடவுளிடம் அடையாளம் கேட்ட அதே கிதியோன். அதன் பிறகு யார் கேட்கிறார்களோ அவர்களைப் பொறுத்து ஜேசன் ஆடு என்றோ கிதியோன் ஆடு என்றோ சொல்லிக்கொள்ளலாம், நல்ல வசதி.

ஃபிளாண்டர்ஸ் ஊர்கள் ஆங்கிலக் கம்பளியை நெய்து சம்பாதித்தவை, அதனால்தான் கம்பளி ஆடு என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் காலத்துப் பிரபு ஒருவர் நெசவாளர் தொழிலைக் கழுத்தில் தொங்கவிட்டு நைட்டுகளைக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிலிப்பின் ஆசைநாயகி ஒருத்தியின் பொன்னிறக் கூந்தல்தான் காரணம் என்ற கிசுகிசுவும் உண்டு. நல்லவர் பிலிப்புக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் ஏராளம் என்பதால் அந்தக் கிசுகிசு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சங்கிலியைக் கூர்ந்து பாருங்கள். ஆட்டைவிட அதுதான் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு கண்ணியும் சிக்கிமுக்கிக் கல்லும் அதைத் தட்டுகிற இரும்புமாக மாறிமாறி வரும், இரும்பின் வளைவு பர்கண்டியின் முதல் எழுத்தான 'B' போல இருக்கும், கல்லிலிருந்து தீப்பொறி பறக்கும். தீ தெரிவதற்கு முன்பே அடி விழும் என்பது அதன் வாசகம். ஆடு சாதுவாகத் தொங்குகிறது, மிரட்டல் முழுக்க சங்கிலியில்.

சட்டதிட்டத்தில் நுணுக்கம் நிறைய. சங்கிலியைத் தினமும் அணிய வேண்டும், தவறினால் ஒரு பூசைக்கும் ஏழைகளுக்கும் காசு கட்ட வேண்டும். போர்க்கவசம் போட்டிருந்தால் வெறும் ஆட்டை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, கல் பதித்து அழகுபடுத்தக் கூடாது (இந்த விதியை நினைவில் வையுங்கள், பின்னால் வைரத்தோடு வருகிறது). ஆள் இறந்தால் குடும்பம் சங்கிலியைத் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் அது அவருடையது இல்லை, சபையுடையது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய விஷயம் சபைக் கூட்டம். முதல் கூட்டம் 1431இல் லீல் நகரத்தில். சில நாள் நடக்கும், தேவாலயத்தில் பூசை, இறந்த உறுப்பினர்களுக்காக ஒரு பூசை, விருந்து. அது முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை. கடைசியாகச் சேர்ந்த இளையவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராக எழுந்து வெளியே போக வேண்டும். மற்றவர்கள் பிரமாணத்தின் பேரில் அவர் நடத்தையைப் பேசுவார்கள்: குடிக்கிறாரா, கடனைத் திருப்பினாரா, யார் மனைவியோடு சுற்றுகிறார், போர்க்களத்தில் எப்படி நடந்துகொண்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு, பாராட்டோ கண்டிப்போ முகத்துக்கு நேரே. முதல் கூட்டத்திலேயே ஒருவர் போனார்: மோன்டாகு பிரபு ஜான் த நெவ்ஷாட்டெல், அந்தோன் போரில் கொடியை விட்டு ஓடினார் என்பதற்காக. 1468 கூட்டத்தில் பிலிப்பின் சொந்தக்காரரான நெவேர் பிரபு ஒருவரை, பில்லிசூனியம் வைத்தார் என்ற குற்றச்சாட்டில் நீக்கினார்கள்.

இதில் தலைவருக்கும் விலக்கு இல்லை. பிரபுவும் எழுந்து வெளியே போக வேண்டும்! பிலிப்பின் மகன், துணிச்சல்காரர் சார்லஸ், பதவிக்கு வந்த புதிதில் ப்ரூஜில் நடந்த அந்த 1468 கூட்டத்தில், அவருடைய ஆட்களே அவரிடம் சொன்னார்கள்: வேலைக்காரர்களிடம் கடுகடுவென்று பேசுகிறீர்கள், மற்ற மன்னர்களைப் பற்றிப் பேசும்போது நிதானம் தவறுகிறது, உடம்பைக் கவனிக்காமல் ஓயாமல் வேலை செய்கிறீர்கள், போருக்கு இவ்வளவு அவசரம் வேண்டாம். கடைசி அறிவுரையை அவர் கேட்கவில்லை. 1477 ஜனவரியில் நான்சி நகரத்து வாசலில், பனியில் உறைந்து, அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்த உடலாகக் கிடந்தார். பிறகு ஐந்தாம் சார்லஸ் பேரரசர், பாதி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆண்டவர், அவரையும் விடவில்லை: காரியங்களை இழுத்தடிக்கிறீர்கள், கடனை அடைப்பதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பேரரசரிடம் இதைச் சொல்ல முறைப்படி ஓர் இடம் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

(பெசன்ட் பறவை மேல் சத்தியம் செய்த விருந்து என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1454, லீல். கான்ஸ்டான்டினோபிள் விழுந்த மறுவருடம். யானை உருவத்தின் மேல் திருச்சபை வேடம் போட்ட ஒருவர் அழுதுகொண்டே வர, உயிருள்ள பறவை ஒன்றின் மேல் பிலிப்பும் அவருடைய ஆட்களும் சிலுவைப்போருக்குப் போவதாகச் சபதம் எடுத்தார்கள். பிலிப் போகவே இல்லை.)

அரசியல் பகுதியை வேகமாகக் கடக்கிறேன். துணிச்சல்காரர் சார்லஸுக்கு ஒரே மகள், மேரி. பெண் நைட்டுகளுக்குத் தலைவியாக முடியாது, ஆனால் வாரிசு மகளாக இருந்தால் அவள் கணவர் சபையை நடத்தலாம் என்று விதியில் வழி இருந்தது. இப்படித்தான் 1478இல் ஹாப்ஸ்பர்க் மாக்சிமிலியன் தலைவரானார், ஆடு ஆஸ்திரியக் குடும்பத்துக்குள் புகுந்தது. பர்கண்டியைப் பிடுங்கிக்கொண்ட பிரெஞ்சு ராஜா பதினோராம் லூயிக்கு 1469இலேயே மிக்கேல் சபை என்று போட்டிக்கடை ஒன்று இருந்தது. மாக்சிமிலியனின் பேரன்தான் ஐந்தாம் சார்லஸ், அவர் வழியாக ஆடு ஸ்பெயினுக்கும் போனது.

இனி இரண்டாம் பிலிப், ஐந்தாம் சார்லஸின் மகன், ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் அரசர். 1559இல் கெண்ட் நகரத்தில் 23ஆவது கூட்டத்தை நடத்திவிட்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். அதுவே கடைசிக் கூட்டம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தில் புராட்டஸ்டண்ட் கலகம் வெடித்ததும் 1567இல் ஆல்பா பிரபுவைப் படையோடு அனுப்பினார். ஆல்பா வந்து கைது செய்தவர்களில் இருவர் நெதர்லாந்துப் பிரபுக்களான எக்மான்ட், ஹோர்ன். எக்மான்ட் சாதாரண ஆளில்லை, பத்து வருடம் முன்புதான் சான் கான்தான், கிராவ்லீன் போர்களில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து இதே பிலிப்புக்கு வெற்றி தேடித் தந்தவர். இருவர் கழுத்திலும் ஆடு. சட்டப்படி சபை உறுப்பினரைச் சக உறுப்பினர்கள் மட்டுமே விசாரிக்க முடியும். எக்மான்ட் அதைச் சொல்லிப் பார்த்தார். ராஜத்துரோகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று பதில் வந்தது. 1568 ஜூன் 5, பிரஸ்ஸெல்ஸ் பெரிய சதுக்கம், இருவர் தலையும் வெட்டப்பட்டது. ஹோர்னின் தம்பி மாந்தினியும் உறுப்பினர்தான், மனுக் கொடுக்க ஸ்பெயினுக்குப் போனவர். அவரை 1570இல் சிமான்காஸ் கோட்டையில் ரகசியமாகக் கழுத்தை நெரித்துக் கொன்று, காய்ச்சலில் செத்தார் என்று சொல்லிவிட்டார்கள். இதில் மிச்சமிருக்கிற கசப்பு: வெட்டச் சொன்ன ஆல்பா கழுத்திலும் அதே ஆடு, உத்தரவு கொடுத்த பிலிப் அந்தச் சபையின் தலைவர்.

இன்னொரு நெதர்லாந்துப் பிரபு ஆரஞ்சு வில்லியமும் இந்தச் சபைக்காரர். அவர் ஆல்பா வருவதற்குள் ஜெர்மனிக்குப் போய்விட்டார், அதனால் பிழைத்தார், கலகத்துக்கும் தலைமை கிடைத்தது.

அதற்கப்புறம் கூட்டம் கூட்டினால் என்ன பேசுவார்கள் என்று பிலிப்புக்குத் தெரியாதா? கூட்டவே இல்லை. 1577இல் போப் பதின்மூன்றாம் கிரகோரியிடம் அனுமதி வாங்கி, உறுப்பினர்களைத் தேர்தல் இல்லாமல் தானே நியமித்துக்கொண்டார். ராஜாவைக் கேள்வி கேட்கிற சபை ராஜா கொடுக்கிற பரிசாக மாறியது அங்கேதான். அதன் பிறகு நடப்பதெல்லாம் நகைக்கதை, அதுவும் நல்ல கதைதான்.

1700இல் ஸ்பெயினின் கடைசி ஹாப்ஸ்பர்க் ராஜா பிள்ளை இல்லாமல் செத்தார். பிரான்ஸ் பூர்பான் குடும்பத்துப் பிலிப் ஒருபக்கம், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் சார்லஸ் மறுபக்கம், பெரிய போர். முடிவில் ஸ்பெயின் பிலிப்புக்கு, தெற்கு நெதர்லாந்து ஆஸ்திரியாவுக்கு. ஆடு? இருவரும் நான்தான் தலைவர் என்றார்கள். ஸ்பெயின் வாதம்: இத்தனை காலம் எங்கள் மகுடத்தோடுதான் இருந்தது. ஆஸ்திரிய வாதம்: இது பர்கண்டி ரத்தத்தோடும் பர்கண்டி நிலத்தோடும் போவது, இரண்டும் எங்களிடம். சட்டப்படி பார்த்தால் ஆஸ்திரியர் பக்கம் கொஞ்சம் கனம் கூடுதல் என்பது என் எண்ணம். போதாததற்குச் சபையின் பழைய ஆவணம், பூசை உடைகள், பிரமாணம் எடுக்கிற சிலுவை எல்லாம் பிரஸ்ஸெல்ஸில் இருந்தன. 1790களில் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெருங்கியபோது அவற்றை வியன்னாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கருவூலத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான்.

இனி நான் சொன்ன வைரம். பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயியும் ஸ்பெயின் கிளையின் உறுப்பினர். 1749இல் தனக்கென்று ஓர் ஆட்டுப் பதக்கம் செய்யச் சொன்னார், செய்தவர் ஜாக்மேன் என்ற நகைக்காரர். நடுவில் ஒரு பெரிய நீல வைரம், அதற்கு மேல் டிராகன் உருவத்தில் செதுக்கின சிவப்புக் கல், கீழே மஞ்சள் வைரங்கள் பதித்த ஆடு. கல் பதிக்காதே என்ற விதி சங்கிலிக்குத்தானே, பதக்கத்துக்கு இல்லையே! அந்த நீல வைரம் கோல்கொண்டா ராஜ்யத்துக் கல், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படுவது, தவெர்னியே என்ற வியாபாரி வாங்கிக்கொண்டு போய்ப் பதினான்காம் லூயிக்கு விற்றது. 1792 செப்டம்பரில் பாரிஸில் அரச நகைகள் திருடு போனபோது அந்தப் பதக்கமும் போனது. டிராகன் கல் திரும்பக் கிடைத்து இன்று லூவ்ரில் இருக்கிறது. நீல வைரத்தை அறுத்துச் சின்னதாக்கிவிட்டார்கள்: இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கிற 45.52 காரட் ஹோப் வைரம் அதுதான். பாரிஸ் அருங்காட்சியகத்தில் 2007இல் கிடைத்த, அந்த நீல வைரத்தின் பழைய ஈய வார்ப்பை வைத்து இதை உறுதி செய்தார்கள்.

நெப்போலியனுக்கு ஸ்பெயின் ஆட்டைக் கொடுத்தது. பிறகு ஸ்பெயினையும் பிடித்து, வியன்னாவையும் பிடித்த மனிதர், 1809இல் மூன்று தங்க ஆட்டுத்தோல் சபை என்று ஒன்றை அறிவித்தார். அவர்கள் இருவருக்கும் ஒவ்வொன்று, எனக்கு மூன்றும் என்கிற கணக்கு. ஒருவருக்கும் கொடுக்காமலே அது மூடப்பட்டது.

இன்றைக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஸ்பெயின் கிளை 1812இல் புராட்டஸ்டண்டான ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனுக்கே கொடுத்தது, அதன் பிறகு மதம் பெரிய விஷயமில்லை. 1985இல் அன்றைய ஜப்பான் இளவரசர் அகிஹிதோ, 1988இல் எலிசபெத் ராணி, 2011இல் அன்றைய பிரெஞ்சு அதிபர் சர்கோசி, 2014இல் என்ரிகே இக்லேசியாஸ் (பாடகர் இல்லை, அதே பெயருள்ள பொருளாதார அறிஞர், ஒவ்வொரு முறையும் இதை விளக்க வேண்டியிருக்கிறது). லியோனோருக்கு 2015இல் ஆணை வந்து, 2018 ஜனவரி 30 அன்று, அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளில், பன்னிரண்டு வயதில் கையில் கிடைத்தது. ஆஸ்திரியக் கிளை ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கையில், இன்று கார்ல் தலைவர். கத்தோலிக்க ஆண்கள் மட்டும். மகுடமும் நாடும் போய் நூறு வருடமாகியும் விதியைத் தளர்த்தவில்லை.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் கருவூலத்தை விட்டுவிட்டு பார்சிலோனா பேராலயத்துக்குப் போங்கள் என்பேன். ஸ்பெயினில் நடந்த ஒரே கூட்டம் அங்கேதான், 1519. பாடகர் இருக்கைகளின் முதுகில் ஒவ்வோர் உறுப்பினரின் சின்னமும் அவரவர் பெயருடன் வரைந்திருக்கிறது. இங்கிலாந்து எட்டாம் ஹென்றி, பிரான்ஸ் முதலாம் பிரான்சிஸ், தலைவர் ஐந்தாம் சார்லஸ், மூவரும் ஒரே கூரையின் கீழே. அதற்கு ஆறு வருடம் கழித்து, பாவியா போரில் பிரான்சிஸைச் சிறைபிடித்தது சார்லஸின் படை. இருக்கைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.